கிராணி பதில்கள்: அத்தைக்கு நான் சான்று தரலாமா?

கேள்வி: 1972இல் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போன என் அத்தை, லெஸ்டரில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. லண்டனில் இருக்கும் என் தம்பி பெயரில் லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி (பிற்காலத்தில் தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனாலும் செல்லும் அதிகாரப் பத்திரம்) எழுதப் போகிறார். அதில் சான்றளிப்பவர் ஒருவர் கையெழுத்திட வேண்டுமாம். இரண்டு வருடம் பழகியவர் போதுமாம். நான் நாற்பது வருடமாக அத்தையை அறிந்தவள். ஜூனில் அங்கே போகும்போது நானே போட்டுவிடலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கூடாதும்மா. இரண்டு வருடக் கணக்கு சரிதான். ஆனால் எழுதிக் கொடுப்பவர், அதிகாரம் பெறுபவர், இரு தரப்புக் குடும்பத்தாருக்கும் அங்கே இடமில்லை. மாமனார், மச்சான் உறவுகூட ஆகாது. நீங்கள் அத்தைக்கு மருமகள், தம்பிக்கு அக்கா. இரண்டு பக்கமும் மாட்டுகிறீர்கள்.

கையெழுத்து போட்டதைப் பார்த்தேன் என்று சொல்லும் சாட்சி வேறு, சான்றளிப்பவர் வேறு. இவர் அத்தையிடம் தனியாகப் பேசி, எழுதிக் கொடுப்பது அவருக்குப் புரிகிறதா, யாரும் நெருக்குகிறார்களா, ஏமாற்றுகிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்.

நான் வக்கீல் ஆபீஸில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தபோது, தோட்டத்துப் பாட்டி ஒருவரை மகன்கள் காரில் கூட்டி வந்தார்கள். கைநாட்டு வைத்துவிட்டு, "தம்பி, இது பேங்கில காசு எடுக்கவா?" என்று என்னிடம் கேட்டார். அது வீட்டை விற்கும் அதிகாரம். அதுவரை அவரை யாரும் தனியே கூப்பிட்டுக் கேட்கவில்லை. நானும்தான்.

அத்தையோடு வேலை பார்த்த பழைய நர்ஸ், நன்றாகப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர் போதும். இல்லாவிட்டால் டாக்டர், வக்கீல். அவர்கள் கட்டணம் கேட்கலாம். முதலில் அத்தை, அப்புறம் சான்றளிப்பவர், கடைசியில் தம்பி. இந்த வரிசை மாறினால் பதிவாகாது. பதிவு செய்யாத பத்திரத்தை வைத்துத் தம்பி ஒன்றும் செய்ய முடியாது. பணம், சொத்துக்கு ஒரு பத்திரம், உடல்நலத்துக்கு இன்னொன்று.

அத்தைக்கு இங்கே வீடு, நிலம் உண்டா? மலேசியாவில் நாம் எழுதும் சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி, எழுதியவர் புத்தித் தெளிவை இழந்தால் செல்லாது. அப்புறம் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றம்தான் போக வேண்டும். வீடு, நிலம் இருந்தால், ஜூனில் போகும்போது கிராண்ட் (நிலப் பட்டா) நகலையும் பையில் வையுங்கள். அத்தை தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிடலாம்.