அயல்நாட்டுப் பெண்களின் உரிமைக்காக அரசுகள் குரல் கொடுப்பதில் அரசியல் எவ்வளவு? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மேடைப் பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தேதியைப் பாருங்கள், கையெழுத்தான காகிதத்தைப் பாருங்கள். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் இரண்டுமே பொதுவெளியில் கிடைக்கின்றன என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

தாலிபான் காபூலைப் பிடித்தது 1996 செப்டம்பர் இறுதியில். பிடித்த கையோடு பெண்கள் வேலைக்குப் போகவும் சிறுமிகள் பள்ளிக்குப் போகவும் தடை போட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் தாலிபான் குழு ஒன்று டெக்சாஸுக்கு விருந்தாளியாக வந்தது. அழைத்தது யூனோகால் என்ற எண்ணெய் நிறுவனம். துர்க்மெனிஸ்தான் எரிவாயுவை ஆப்கானிஸ்தான் வழியாகப் பாகிஸ்தானுக்குக் கொண்டுபோகும் குழாய்த் திட்டம் அவர்களுடையது. வாஷிங்டன் அப்போது வாயே திறக்கவில்லை என்று சொல்வது தவறு. வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் 1997 நவம்பரிலேயே தாலிபானைக் கடுமையாகக் கண்டித்தார், அமெரிக்கப் பெண்கள் அமைப்புகளும் விடாமல் நெருக்கின. ஆனால் கண்டனம் ஒரு பக்கம், குழாய்ப் பேச்சு இன்னொரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தே ஓடின. யூனோகால் விலகியது 1998 டிசம்பரில், கென்யா, தான்சானியா தூதரகக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு.

இப்போது 2001. அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தான்மீது அமெரிக்கக் குண்டுவீச்சு தொடங்கியது. நவம்பர் 17 அன்று அதிபரின் வாராந்தர வானொலி உரையை லாரா புஷ் நிகழ்த்தினார். அதிபரின் மனைவி ஒருவர் அந்த உரையை முழுவதுமாக நிகழ்த்தியது அதுவே முதல்முறை. தாலிபான் பெண்கள்மீது நடத்தும் போர் பற்றி வெளியுறவுத் துறை அறிக்கை வந்ததும் அதே நாளில்தான். அந்தக் கொடுமைகள் ஐந்து வருஷமாக நடந்துகொண்டிருந்தவை. அவை உண்மை என்பதிலும் சந்தேகமில்லை. புதிதாக வந்தது போர் மட்டுமே.

இன்னும் பின்னால் போனால் சங்கடம் கூடும். 1978-இல் மாஸ்கோவின் ஆதரவு பெற்ற காபூலின் கம்யூனிஸ்ட் அரசு ஏழாம் எண் ஆணையில் மணப்பெண்ணுக்கான விலையை 300 ஆப்கானியாகக் குறைத்தது, பெண்ணின் திருமண வயதை 16 ஆக்கியது. கிராமங்கள் கொதித்ததற்கு இது ஒரு காரணம். (துப்பாக்கி முனையில் சீர்திருத்தம் செய்தால் வேறென்ன நடக்கும்?) அந்த அரசை எதிர்த்த இஸ்லாமியப் போராளிகளான முஜாஹிதீன்களுக்குத்தான் அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்தது. அவர்களில் ஒரு தலைவரான, பெண்கள் விஷயத்தில் படு பிற்போக்கான ஹெக்மத்யாரின் கட்சிக்கு அதில் பெரும் பங்கு போனது. அன்றைக்கு எதிரி மாஸ்கோ.

நோக்கம் எழுத்திலேயே அகப்படுவது அபூர்வம். 2010 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் குறிப்பு அப்படி ஒன்று. நெதர்லாந்து அரசு ஆப்கானிஸ்தானில் இருந்த தன் படைகள் விவகாரத்தில் அப்போதுதான் கவிழ்ந்திருந்தது. பிரான்ஸும் ஜெர்மனியும் நழுவிவிடுமோ என்ற பயம். அதற்குக் குறிப்பு சொன்ன வழிகளில் ஒன்று: ஆப்கன் பெண்களை ஊடகத்தில் பேசவைத்தால், போரைச் சந்தேகிக்கும் ஐரோப்பியப் பெண்களின் மனதை மாற்றலாம். அந்த யோசனையில் ஆப்கன் பெண்ணுக்குக் கிடைத்த வேலை விளம்பரத் தூதர் வேலை.

கடைசியில் காகிதம். 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நாலே பக்கம். படை விலகும் காலக்கெடு இருக்கிறது, கைதிகளின் எண்ணிக்கை இருக்கிறது, தாலிபான்மீதான பொருளாதாரத் தடைகளை நீக்குவது இருக்கிறது. பெண்கள் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எந்த நாட்டு விஷயத்திலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த மாதிரி ஒப்பந்தங்களைத்தான். பேரத்தில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அடுத்த சோதனை, கூட்டாளி நாட்டிடம் அதே குரல் எழும்புகிறதா என்பது. 2018 ஆகஸ்டில் சவூதியில் பெண் செயற்பாட்டாளர்கள் கைதானதைக் கனடா கண்டித்தது. சவூதி கனடாவின் தூதரை வெளியேற்றியது. ஆனால் சவூதிக்குக் கவச வாகனங்கள் விற்கும் கனடாவின் பெரிய ஒப்பந்தம் ரத்தாகவில்லை. ஸ்வீடன் வேறு மாதிரி. பெண்ணிய வெளியுறவுக் கொள்கை என்று 2014-இல் அறிவித்துவிட்டு, 2015-இல் தன் தொழிலதிபர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதியும் சவூதியுடனான ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. கைக்காசு போனாலும் நிற்கிற அக்கறையை நான் நம்புவேன். அந்தக் கொள்கையை 2022-இல் புதிய அரசு வந்ததும் கைவிட்டதும் உண்மை.

இங்கே பலர் தடுக்கி விழுவார்கள். நோக்கம் கள்ளத்தனமானது என்று தெரிந்ததும் புகாரே பொய் என்று முடிவு கட்டிவிடுவது. தாலிபானுக்கு அது வசதி. பெண் பள்ளி என்றாலே அந்நியன் சரக்கு என்று சொல்ல அவர்களுக்கு அந்த வானொலி உரையே சான்று. ரவா (RAWA) போன்ற ஆப்கன் பெண்கள் அமைப்புகள் தாலிபானையும் எதிர்த்தன, குண்டுவீச்சையும் எதிர்த்தன. வல்லரசுகளின் உரைகளுக்கு முன்னால் இவர்களுடைய அறிக்கைகளைப் படியுங்கள். புகாரின் உண்மையைச் சரிபார்க்க அது நல்ல வழி.

படை இல்லாத வழியும் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவுப்படி, உறுப்பு நாடு ஒன்று இன்னொன்றின்மேல் வழக்குக்குப் போகலாம். முதலில் பேச்சுவார்த்தை, சரிவரவில்லை என்றால் நடுவர் தீர்ப்பு கேட்க வேண்டும், கேட்ட ஆறு மாதத்துக்குள் அதை அமைப்பதில் உடன்பாடு வராவிட்டால் சர்வதேச நீதிமன்றம். ஆப்கானிஸ்தான் 2003-இலேயே அதில் சேர்ந்துவிட்டது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து நான்கும் இந்த வழியைத் தொடங்குவதாக அறிவித்தன. அமெரிக்கா நினைத்தாலும் இதில் வழக்காட முடியாது. 1980-இல் கையெழுத்திட்ட அந்த உடன்படிக்கைக்கு அதன் செனட் இன்னும் ஒப்புதல் தரவில்லை.