பியர்டட் டிராகன் கேள்வி பதில்: மொதல்ல லைட்டைப் பாருங்க

கே: அண்ணா, இது நம்ம ஊர் ஓணானா?
ப: சொந்தக்காரன்தான் தம்பி, ரெண்டும் ஒரே குடும்பம். இது ஆஸ்திரேலியா உள்நாட்டு வறண்ட பூமியோட ஓணான்.

கே: ஜன்னல் ஓரமா டேங்க் இருக்கு. யூவிபி (வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்) பல்பு கட்டாயமா?
ப: கட்டாயம். கண்ணாடி யூவிபியை உள்ள விடாது, அது இல்லாம உடம்புல வைட்டமின் டி3 ஊறாது, டி3 இல்லாம எவ்வளவு கால்சியம் பொடி தூவினாலும் எலும்புல சேராது. ஒரு குட்டியை கையில வாங்கிப் பார்த்தேன், தாடை தொட்டாலே அமுங்குது, பின்னங்கால் நடுங்கிட்டே இருக்கு. பல்பு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு, ஆனா வாங்கி ரெண்டு வருஷம், வெளிச்சம் வரும் யூவிபி வராது.

கே: ரோட்டோரம் ஒண்ணு பார்த்தேன், தூக்கிட்டு வரலாமா?
ப: கூடவே கூடாது, சட்டப்படி தப்பு. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாநிலம்னா லைசென்ஸ் எடுத்து, கூண்டுல பொறந்ததா வாங்குங்க.

கே: அடியில மணல் போடலாமா?
ப: குட்டிக்கு வேண்டாம், முழுங்கினா குடல் அடைச்சுக்கலாம். டைல்ஸ் போடுங்க.

கே: அதெப்படிண்ணா? பாலைவனப் பிராணி, மணல்லதானே வாழுது!
ப: அதே மாநிலத்துல ப்ரோக்கன் ஹில்னு ஒரு ஊர், அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. காலையில வேலிக் கம்பம் மேல கருகருன்னு உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குக் காட்டிட்டு உக்காந்திருக்கும், சூடு ஏற ஏற நிறம் வெளுக்கும், அப்புறம் வாயைப் பொளந்துக்கும். கீழ இருக்கிறது செம்மண்ணு, காஞ்சு இறுகி தரை மாதிரி கெடக்கும். நீங்க மூட்டையில வாங்குற பொலபொல மணல் இல்ல.

கே: என் ஃப்ரெண்டு ஆறு வருஷமா மணல்லதான் வெச்சிருக்கான், ஒண்ணும் ஆகலையே?
ப: ஆகாமலும் இருக்கும், மறுக்கல. சூடு சரியா கெடைக்கிற பெரிய டிராகன் உள்ள போன கொஞ்சம் மணலை வெளிய தள்ளிரும். சூடு பத்தாம செரிக்காம கெடக்கிறதுக்குத்தான் குடல் அடைச்சுக்கும். அதனால மணல் சண்டையை விட்டுட்டு, அது வெயில் காயுற எடத்துல தெர்மாமீட்டர் வைங்க, 40 டிகிரி கிட்ட இருக்கணும், மறுமுனை 25 பக்கம்.

கே: முட்டையிலயே ஆணா பெண்ணான்னு தெரியுமா?
ப: நல்ல கேள்வி! ஆணா பெண்ணான்னு முடிவு பண்ற குரோமோசோம் ஆணுக்கு இசட் இசட், பெண்ணுக்கு இசட் டபிள்யூ. ஆனா 32 டிகிரிக்கு மேல அடை வெச்சா இசட் இசட் முட்டையும் பெண்ணா பொரியும், வளர்ந்து முட்டையும் போடும். காட்டுலயும் இப்படி நடக்குதுன்னு 2015ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு. அந்தப் பெண் சாதாரண ஆணோட சேர்ந்தா குட்டிங்க யாருக்கும் டபிள்யூ கிடையாது, அதுக்கப்புறம் ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது சூடு மட்டும்தான்.

கே: கையை ஆட்டுது, டாட்டா காட்டுதா?
ப: இல்லம்மா, "சண்டைக்கு வரல"ன்னு அடங்கிப் போகுது.

கே: மின்மினிப் பூச்சி தின்னக் குடுக்கலாமா?
ப: கூடவே கூடாது. ஒண்ணே ஒண்ணு தின்னாலே செத்துரும்.

கே: பால்கனி கண்ணாடி வழியா வெயில் வருது, போதுமில்ல?
ப: மேல சொல்லிட்டேன். போதாது.

கே: பல்பு வாங்கி மூணு வருஷம் ஆச்சு, நல்லாத்தான் எரியுது...
ப: இன்னிக்கே மாத்துங்க. தாடையை விரலால லேசா தொட்டுப் பாருங்க, அமுங்குனா நாளைக்குன்னு தள்ளாதீங்க, ஊர்வன பாக்குற டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.