பாஸ் மீனுக்கு எந்த ராடு, எந்த நரம்பு? வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: பன்னிரண்டு வயது மகனுடன் பாஸ் மீன் பிடித்துப் பழக விரும்புகிறேன். கடைக்குப் போனால் சுவர் நெடுக ராடுகள் நிற்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?
*வாசகர், பிரிஸ்கோ, டெக்சஸ்*

கடையில் முதலில் ராடைத்தான் கையில் எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல், பிறகு நரம்பு, கடைசியில் கல்லாவுக்கு அருகே லூர் என்னும் செயற்கை இரை. தாங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். எந்த லூரை எறியப்போகிறோம் என்று முடிவானால் அதன் எடை தெரிந்துவிடும். எடையும் தண்ணீரில் உள்ள புல் பூண்டும் தெரிந்தால் நரம்பின் பலத்தை முடிவு செய்யலாம். இவ்விரண்டுக்கும் பொருந்துகிற ராடு கடையில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். ஒவ்வொரு ராடிலும் கைப்பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் இரண்டு அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று அது தாங்கும் நரம்பின் பலம், பவுண்டில். மற்றொன்று அது எறியக்கூடிய லூரின் எடை, அவுன்ஸில். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள்.

முதல் லூராக 5 அங்குல நீளமுள்ள மென்பிளாஸ்டிக் புழுவைத்தான் பரிந்துரைப்பேன். 1949இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் உருவாக்கிய பிளாஸ்டிக் புழுவின் வழியில் வந்தது இது. இன்றைய தடித்த வகைகளில் உப்பைக் கலந்து வார்ப்பதால், ஈயம் எதுவும் கட்டாமலேயே எறியவும் மூழ்கவும் போதிய கனம் அதற்கு உண்டு. முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கோக்கும் டெக்சஸ் முறையில் மாட்டினால் கோரையிலும் மரக்கிளையிலும் சிக்காது. எறிந்தபின் ஒன்றும் செய்ய வேண்டாம். அது ஆடிக்கொண்டே அடிக்குப் போகட்டும். பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான் மீன் எடுக்கும். கையில் இழுப்பு தெரியாது. தண்ணீரின் மேல் தளர்ந்து கிடக்கும் நரம்பு ஒரு முறை துள்ளும், அல்லது பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அதைக் கண்ணால் பார்க்கப் பழகுவதுதான் மகனுக்குத் தாங்கள் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம்.

இந்தப் புழுவுக்கு ஏறத்தாழ 7 அடி நீளமுள்ள, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் கொண்ட ஸ்பின்னிங் ராடும், உருளை சுழலாத 2500 அளவு ஸ்பின்னிங் ரீலும், 8 அல்லது 10 பவுண்டு சாதாரண நைலான் நரம்பும் போதும். (பவரும் ஆக்‌ஷனும் என்ன என்பதை அடுத்த விடையில் பாருங்கள்.) ராடும் ரீலும் சேர்ந்தே விற்கப்படும் ஜோடி ஒன்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதில் ஏற்கெனவே சுற்றியிருக்கும் நரம்பு பெரும்பாலும் மட்டமானது என்பதால், அதைக் கழற்றிவிட்டு நல்ல நரம்பைச் சுற்றுங்கள். மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் அமைப்பான ரீலின் டிராக்கை, நரம்பின் பலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையான இழுப்புக்கு நழுவும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குப் பொத்தானை அழுத்தி எறியும் மூடிய ரீலே போதும் என்று யாராவது சொன்னால் அதையும் அலட்சியப்படுத்த வேண்டாம். எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துவந்த டல்சா நகர நிறுவனம் ஒன்று 1949இல் அந்த வகை ரீலைச் செய்யத் தொடங்கி, பின்னாளில் செப்கோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அமெரிக்கச் சிறுவர்கள் பலரும் தூண்டில் பழகியது அதில்தான். இருந்தாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஸ்பின்னிங் ரீலைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வான் என்பது என் எண்ணம்.

டெக்சஸில் 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை, தங்களுக்குத் தேவை. மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடித்தால் தங்களுக்கும் தேவையில்லை.

கேள்வி: பவர், ஆக்‌ஷன் என்ற இரண்டையும் கடைக்காரரே மாற்றி மாற்றிச் சொல்கிறார். என்ன வேறுபாடு?
*வாசகி, எடிசன், நியூ ஜெர்சி*

ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் நுனிப் பகுதி மட்டும் வளைந்து அதற்குக் கீழே விறைப்பாக நிற்கும். மாடரேட் என்றால் பாதி வரை வளையும். கடையில் ராடைக் காற்றில் வீசிப் பார்ப்பதால் இது விளங்காது. உடன் வந்தவரிடம் நுனியைக் கொடுத்து மெதுவாகக் கீழே இழுக்கச் சொல்லி, பக்கத்திலிருந்து வளைவைப் பாருங்கள்.

இந்த வேறுபாடு எதற்காக என்பதை லூரே சொல்லிவிடும். மென்பிளாஸ்டிக் புழுவிலும், முள்ளோடு கனமான தலை சேர்த்து வார்த்த ஜிக்கிலும் தடித்த ஒற்றை முள் இருக்கிறது. அது புழுவின் உடலைக் கிழித்துக்கொண்டு வந்து மீனின் தாடையில் இறங்க வேண்டும். அதற்கு விறைப்பான ஃபாஸ்ட் ராடு வேண்டும். இழுக்கும்போது ஆடிக்கொண்டே நீந்தும் கடின உடல் லூரான கிராங்க்பெய்ட்டில் மெல்லிய மும்முட்கள் தொங்குகின்றன. அவை சுலபமாகப் பதியும், அதே சுலபத்தில் கழன்றும் போகும். மீன் மேலே துள்ளித் தலையை உதறும்போது ராடு இசைந்து கொடுக்காவிட்டால் முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் கிராங்க்பெய்ட்டுக்கு மாடரேட் ராடு, அதிலும் கண்ணாடியிழை ராடு சிறந்தது என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே ராடு என்றால் மீடியம் ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட் என்று சமரசம் செய்துகொள்ளலாம். இரண்டுக்கும் அது கொஞ்சம் குறைவாகவே பொருந்தும்.

கேள்வி: ஃபுளூரோகார்பன் நரம்பு தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது என்கிறார்களே, அந்த விலை கொடுக்கத் தகுமா?
*வாசகர், சார்லட், வட கரோலினா*

கண்ணுக்கே தெரியாது என்பது விளம்பரம். குறைவாகத் தெரியும் என்பதே உண்மை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளூரோகார்பனுடையது சுமார் 1.42, நைலானுடையது 1.5க்கு மேல். தண்ணீருக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மங்கலாகத் தெரியும். தெளிந்த நீருள்ள ஏரியில் இது பயன்படும். மழைக்குப்பின் செம்மண் கரைந்து நிற்கும் நீரில் பயன் எதுவும் இல்லை.

அதன் உண்மையான பலம் வேறு இடங்களில் இருக்கிறது. அது நைலானைப் போல் தண்ணீரை உறிஞ்சித் தளர்வதில்லை, வெயிலில் கெடுவதில்லை, பாறையில் உரசினாலும் தாக்குப்பிடிக்கும், தண்ணீரில் மூழ்கும். இந்த மூழ்கும் குணமே மேல்நீர் லூர்களுக்குக் கேடு. லூரின் மூக்கைக் கீழே இழுத்து அதன் ஆட்டத்தைக் கெடுத்துவிடும். முடிச்சில்தான் கவனம் வேண்டும். எச்சிலால் நனைக்காமல் வேகமாக இறுக்கினால் உரசும் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே பலம் இழந்துவிடும்; நல்ல மீன் மாட்டும் நாளில்தான் அது தெரியவரும்.

நான் சொல்வது இதுதான்: ரீல் முழுவதும் ஃபுளூரோகார்பனைச் சுற்றி ஸ்பின்னிங் ரீலில் சுருள் சுருளாகக் கழன்று விழுவதைப் பார்த்து வருந்துவதை விட, பின்னல் நரம்பைச் சுற்றி அதன் நுனியில் 6 முதல் 8 அடி வரை ஃபுளூரோகார்பனை இணைத்துக்கொள்ளுங்கள். பின்னல் நரம்பு சிறிதும் நீளாது, ஆகவே தூரத்தில் மீன் மூக்கால் தொட்டாலும் கைக்கு வந்துவிடும். பருமனும் மிகக் குறைவு. சில தயாரிப்புகளில் 30 பவுண்டு பின்னல் நரம்பு, 8 பவுண்டு நைலான் அளவுக்குத்தான் தடிமன் இருக்கும். ரீலின் உருளையில் அடியில் சில சுற்று நைலானைச் சுற்றிய பிறகு இதைச் சுற்றுங்கள். இல்லையென்றால் மொத்த நரம்பும் உருளையின் மேல் வழுக்கிச் சுழலும், டிராக் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

கேள்வி: பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்கினேன். ஒவ்வொரு எறிதலிலும் நரம்பு குருவிக்கூடாகிவிடுகிறது. ரீலில் குறையா, என்னிடமா?
*வாசகர், சான் ஹோசே, கலிபோர்னியா*

இரண்டிலும் இல்லை; பெரும்பாலும் லூரின் எடையில் இருக்கிறது. ஸ்பின்னிங் ரீலில் உருளை சுழல்வதில்லை, நரம்பு மட்டும் அதிலிருந்து உருவிக்கொண்டு போகிறது. பெய்ட்காஸ்டிங் ரீலில் உருளையே சுழன்று நரம்பைக் கொடுக்கிறது. காற்றின் எதிர்ப்பால் லூர் வேகம் குறைந்த பிறகும் உருளை முதல் வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தால், போக இடமில்லாத நரம்பு உள்ளேயே எழும்பிச் சிக்கிக்கொள்கிறது. லேசான லூர் சீக்கிரம் வேகமிழக்கும். ஆகவே கால் அவுன்ஸுக்குக் குறைந்ததை இப்போதைக்கு ஸ்பின்னிங் ரீலிலேயே எறியுங்கள். இதில், சுழலும் தகடு உள்ள அரை அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட் லூர் ஒன்றையும் 12 அல்லது 14 பவுண்டு நைலான் நரம்பையும் கட்டிப் பழகுங்கள்.

கைப்பிடிப் பக்கத்தில் உள்ள சிறு திருகை முதலில் சரிசெய்ய வேண்டும். ராடைக் கிடையாகப் பிடித்து, பொத்தானை அழுத்தி லூரை விடுங்கள். அது மெதுவாக இறங்கித் தரையைத் தொடும் கணத்தில் உருளையும் நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகும் சுழன்றால் திருகை இன்னும் சற்று இறுக்குங்கள். லூரை மாற்றும்போதெல்லாம் இதை மறுபடியும் செய்ய வேண்டும். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான். எதிர்ப்பக்கத்தில் உள்ள பிரேக்கைத் தொடக்கத்தில் உச்சத்துக்கு அருகிலேயே வைத்து, கை பழகப் பழகக் குறைத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் எறிய வேண்டாம். லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் கட்டைவிரல் உருளையைத் தொட்டு நிறுத்த வேண்டும். எந்தப் பிரேக்கும் இந்த வேலையைச் செய்யாது.

பயிற்சிக்கு ஓர் உபாயம் உண்டு. தாங்கள் வழக்கமாக எறியும் தூரத்தைவிடச் சற்று அதிகமாக நரம்பை வெளியே இழுத்துவிட்டு, உருளையில் மிஞ்சியிருப்பதன் மேல் ஒட்டுநாடா ஒரு துண்டை ஒட்டி, அதன்மேல் நரம்பைத் திரும்பச் சுற்றுங்கள். சிக்கு எவ்வளவு மோசமானாலும் அந்த நாடாவுக்குக் கீழே போகாது. விழுந்த சிக்கைப் பிடுங்கி இழுக்காமல், கட்டைவிரலால் உருளையை அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பிறகு நரம்பை மெல்ல உருவிப் பாருங்கள். பாதிச் சிக்குகள் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

கேள்வி: மாசசூசெட்ஸில் ஈயக் குண்டு கட்டினால் அபராதம் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.
*வாசகர், பாஸ்டன்*

நண்பர் சொல்வது சரி. 1 அவுன்ஸுக்குக் குறைந்த ஈயக் குண்டுகளும் ஈய ஜிக்குகளும் அந்த மாநிலத்து உள்நாட்டு நீர்நிலைகளில் 2012 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. லூன் என்னும் நீர்ப்பறவை அவற்றை விழுங்கி இறப்பதே காரணம். பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரிலும் இதே போன்ற தடை உண்டு. டங்ஸ்டன் வாங்குங்கள். விலை அதிகம்; ஆனால் ஈயத்தைவிட மிகவும் செறிவானது என்பதால் அதே எடைக்குச் சிறிதாக இருக்கும், கடினமானது என்பதால் அடியில் இருப்பது கல்லா மரமா என்று கைக்குச் சொல்லும்.

கேள்வி: லூரில் எந்த நிறம் நல்லது?
*வாசகி, அட்லாண்டா*

தெளிந்த நீரில் பச்சையும் பழுப்பும். கலங்கிய நீரில் கறுப்பும் நீலமும். இதற்கு மேல் நிறங்கள் வாங்குவோரைப் பிடிக்கத்தான். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, பாஸ் மீன் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தது. கறுப்பையும் கருநீலத்தையும் குழப்பிக்கொண்டது.

கேள்வி: கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூர் போகிறேன். பாஸுக்கு வாங்கிய ராடு அங்கே உதவுமா?
*வாசகர், ஹூஸ்டன்*

உதவும். பாஸுக்கென்று செய்த பொள்ளல் ரப்பர் தவளைதான் இன்று நம் ஊரில் விராலுக்கும் எறியப்படுகிறது. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே அது கிடக்கும் இடத்தில் மும்முள் லூர் எதுவும் போகாது. அதற்கு ஹெவி பவர் ராடும் 50 பவுண்டு பின்னல் நரம்பும் வேண்டும். தவளையின் மேல் தண்ணீர் வெடித்தவுடன் இழுத்துவிடாதீர்கள். நரம்பு கனக்கும் வரை பொறுத்து இழுங்கள்.

முத்துக்காடு, பழவேற்காடு போன்ற கழிமுகங்களில் கொடுவாவுக்குப் போவதானால் மீடியம் ஹெவி ராடே போதும். ஆனால் அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தியைப் போன்றது. நரம்பின் நுனியில் 30 அல்லது 40 பவுண்டு ஃபுளூரோகார்பன் இல்லாமல் போகாதீர்கள். அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை பல இடங்களில் மீன்வளர்ச்சிக் கழகத்திடமோ குத்தகைதாரரிடமோ இருக்கும். கேட்டுக்கொண்டு இறங்குவதே முறை. மூன்று நான்கு துண்டாகக் கழலும் ராடு விமானப் பயணத்துக்கு வசதி. முட்களைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டுவிடுங்கள். உப்புநீரில் பயன்படுத்திய அன்றே, டிராக்கை இறுக்கிவைத்து ரீலின்மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவித் துடைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் உலர வையுங்கள்.