பதினொரு மாத்திரைகளில் அம்மாவுக்கு இன்று தேவையானவை எவை?

கேள்வி: என் அம்மாவுக்கு 80 வயது, எடை 50 கிலோ. இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாம் இருக்கின்றன. மூன்று மருத்துவர்களிடம் காட்டுகிறோம். லோசார்டன், அம்லோடிபின், ஃபியூரோசமைடு, மெட்ஃபார்மின், கிளைபென்கிளமைடு, டைக்ளோஃபெனாக், பான்டோபிரசோல், அல்பிரசோலம், லெவோதைராக்சின், கால்சியம், ஆக்ஸிபியூட்டினின் என்று தினமும் 11 மருந்துகள். சில மாதங்களாகத் தலைசுற்றல், மறதி, பகலில் தூக்கக் கலக்கம். போன மாதம் குளியலறையில் விழுந்துவிட்டார். ஒவ்வொரு மருத்துவரும் தான் எழுதியது சரிதான் என்கிறார். முதியோர் மருந்துகளில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற மருந்தாளுநர்கள் இருக்கிறார்களாமே, அவர்களால் என்ன செய்ய முடியும்? நாங்களாகவே சிலவற்றை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தூக்க மாத்திரையான அல்பிரசோலத்தை நாள்பட எடுத்துவருபவர் திடீரென்று விட்டுவிட்டால் பதற்றமும் நடுக்கமும் வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அதற்காகக் காத்திருக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. மூன்று விஷயங்களை உடனே கவனியுங்கள்.

முதலாவது, விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மறதியோ கலக்கமோ கூடியிருந்தால் மருந்துப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வயதானவர்களுக்கு மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்து அறிகுறி காட்டுவதுண்டு.

இரண்டாவது, தலைசுற்றும்போதும் கலக்கமாக இருக்கும்போதும் சர்க்கரையைச் சோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், விழுங்கும் நிலையில் இருக்கிறார் என்றால் உடனே சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். சுயநினைவு குறைந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸை அழையுங்கள். சர்க்கரை ஏறிவிட்டாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். சர்க்கரை மாத்திரையான கிளைபென்கிளமைடால் வரும் தாழ்சர்க்கரை சரியானது போல் தெரிந்து, சில மணி நேரத்தில் மறுபடியும் வரும். முதியவர்களுக்கு வழக்கமான வியர்வையும் படபடப்பும் இல்லாமல், வெறும் குழப்பமாகவும் தூக்கமாகவும் அது தெரிவதால்தான் வீட்டில் இருப்பவர்கள் வயதின் மீது பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, இரத்த அழுத்த மாத்திரையான லோசார்டன், நீர் பிரியும் மாத்திரையான ஃபியூரோசமைடு, வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் ஆகிய மூன்றையும் சேர்த்து எடுக்கிறார் என்று மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே வழக்கமான மருந்துகள். சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் மூன்று பக்கமிருந்தும் குறைகிறது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் சட்டென்று பழுதடையலாம்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. மூன்று மருத்துவர்களும் தத்தம் நோயைப் பார்க்கிறார்கள். பட்டியலை முழுதாகப் படிப்பது யார் வேலை என்பதுதான் சிக்கல். முதியோர் மருந்துப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற மருந்தாளுநரின் வேலையே அதுதான். ஒவ்வொரு மாத்திரையும் எதற்காக, எப்போது தொடங்கியது, இன்றும் தேவையா, இந்த வயதுக்கும் இந்தச் சிறுநீரகத்துக்கும் அளவு சரியா என்று பார்ப்பார். இதைவிட முக்கியமான இன்னொன்றையும் கேட்பார்: புதிதாக வந்த தொல்லை நோயால் வந்ததா, பழைய மாத்திரையால் வந்ததா?

உங்கள் அம்மாவின் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அம்லோடிபின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறது. அப்போது கணுக்கால் பகுதியில் நீர் திசுக்களுக்குள் கசிந்து பலருக்குக் கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்து நீர் பிரியும் மாத்திரையான ஃபியூரோசமைடு எழுதப்படுகிறது. உடலில் நீர் மிகுந்து வந்த வீக்கம் அல்ல என்பதால் அந்த மாத்திரை இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. ஆனால் அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓட வைக்கும். சிறுநீரை அடக்க முடியவில்லை என்று இன்னொரு மருத்துவரிடம் போனால் ஆக்ஸிபியூட்டினின் வருகிறது. அது வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், மூளையில் நினைவாற்றலுக்கு உதவும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்து மறதியையும் குழப்பத்தையும் கூட்டும். அடுத்த கட்டமாக மறதிக்கு ஒரு மாத்திரை வந்து சேர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். யாரும் அலட்சியமாக எழுதவில்லை. எதிரே இருந்த தொல்லைக்கு ஒவ்வொருவரும் மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன். கால் வீக்கம் இதயத்தாலும் சிறுநீரகத்தாலும் வரலாம். டைக்ளோஃபெனாக்கும் உடலில் நீரைத் தேக்கும். ஃபியூரோசமைடு இதயத்துக்காகவே எழுதப்பட்டிருக்கவும் கூடும். அதனால்தான் தேதி வேண்டும் என்கிறேன். பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி, எந்த மாத்திரை எந்த மாதம் தொடங்கியது, எந்தத் தொல்லை எந்த மாதம் வந்தது என்று ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். மருந்தாளுநருக்கு நீங்கள் கொண்டுபோகக் கூடியவற்றில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை.

அடுத்து அவர் கேட்பது கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவின் அளவு. அம்மாவின் பரிசோதனைத் தாளில் அது 1.0 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ‘இயல்பு’ என்றே அச்சாகியிருக்கும். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. வயதாகித் தசை கரைந்தவருக்கு அது உருவாவதே குறைவு. ஆகவே சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் அழகாகவே தெரியும். அதனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட, 1976-இல் வெளியான காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தை மருந்தாளுநர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு வருவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மில்லிலிட்டர். அதே 1.0 கொண்ட, 60 கிலோ எடையுள்ள 30 வயதுப் பெண்ணுக்கு 78. ஒரே பரிசோதனை முடிவுதான், ஆனால் சிறுநீரகத்தின் வேகம் பாதிக்கும் கீழே.

இந்த எண் தெரிந்ததும் பட்டியல் வேறு மாதிரி தெரியும். கிளைபென்கிளமைடு உடைந்து உருவாகும் பொருள்களும் சர்க்கரையைக் குறைப்பவை. அவை சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியவை என்பதால் உடலில் தங்கிவிடும். மெட்ஃபார்மினைச் சிறுநீரக வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே வந்தால் மறுபரிசீலனை செய்ய வேண்டும்; 30-க்குக் கீழே கொடுக்கக் கூடாது. அதோடு சர்க்கரை இலக்கையும் கேளுங்கள். பல நோய்களோடு இருக்கும் 80 வயதுக்காரருக்கு மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. நாற்பது வயதுக்காரருக்கான இலக்கைத் துரத்தி அவரைத் தாழ்சர்க்கரையில் தள்ளுவது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

இவை என் சொந்தக் கருத்துகள் மட்டும் அல்ல. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் குழுவினர் 1991-இல் வெளியிட்டார்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைத் தொடர்ந்து திருத்தி வருகிறது; 2023-இலும் ஒரு திருத்தம் வந்தது. கிளைபென்கிளமைடு, அல்பிரசோலம், நாள்பட்ட டைக்ளோஃபெனாக் மூன்றும் அதில் இருக்கின்றன. மறதி நோய் உள்ளவர்களுக்கு ஆக்ஸிபியூட்டினின் வகையும் வேண்டாம் என்கிறது. அயர்லாந்தில் உருவாகி 2008-இல் வெளிவந்த ஸ்டாப்-ஸ்டார்ட் அளவுகோலுக்கு இன்னொரு சிறப்பு உண்டு: எதை நிறுத்தலாம் என்பதோடு, கொடுக்க வேண்டியதில் எது விடுபட்டிருக்கிறது என்பதையும் அது கேட்கிறது. விழுந்த உங்கள் அம்மாவுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை நடந்ததா? மருந்து குறைப்பு என்று கிளம்பியவர்கள் மறந்துவிடும் கேள்வி இது.

குறைப்பதற்கும் வரிசை உண்டு. பான்டோபிரசோலை வீண் மாத்திரை என்று முதலில் தூக்கிவிடத் தோன்றும். டைக்ளோஃபெனாக் தொடரும் வரை வயிற்றுப் புண்ணிலிருந்து காப்பது அதுதான். வலி மாத்திரை போன பிறகே அதை எடுக்கலாமா என்று யோசிக்க வேண்டும். அல்பிரசோலத்தைப் படிப்படியாக, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை மாற்றினால் எதனால் நன்மை, எதனால் தொல்லை என்று யாருக்கும் புரியாது. அவசரமானவை தவிர மற்றவற்றை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். சில திருத்தங்களுக்கு நிறுத்தவே தேவையில்லை: கால்சியத்துக்கும் லெவோதைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட்டால் போதும், தைராய்டு மாத்திரை ஒழுங்காக உடலில் சேரும்.

இப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? அமெரிக்காவில் முதியோர் மருந்தியலுக்கென்று 1997 முதல் தனித் தேர்வும் சான்றிதழும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மருத்துவர் பரிந்துரைத்தால் மருந்தாளுநர் வீட்டுக்கே வந்து மருந்துகளைப் பார்வையிடும் திட்டம் 2001 முதல் நடக்கிறது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவ நிலையங்களிலேயே மருந்தாளுநர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். இத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில் பெரிய மருத்துவமனைகளின் மருத்துவ மருந்தியல் துறையையோ முதியோர் மருத்துவத் துறையையோ கேளுங்கள். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அனைவரும் இதைச் செய்ய முடியாது. சிறுநீரகப் பரிசோதனைத் தாளைக் கேட்காமலே ஆலோசனை சொல்லத் தொடங்குபவரிடம் நான் என் வீட்டுப் பெரியவரை அழைத்துப் போக மாட்டேன்.

போகும்போது வீட்டில் உள்ள மருந்துகள் அத்தனையையும் அட்டையோடும் புட்டியோடும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கண் சொட்டு மருந்து, தைலம், சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, சளிக்குக் கடையில் வாங்கியது எதையும் விட வேண்டாம். கண் அழுத்தத்துக்கான டைமோலால் சொட்டு கண்ணில் விட்டாலும் இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைத்துத் தலைசுற்ற வைக்கக் கூடியது. யாருமே அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெவ்வேறு பெயரில் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போவதும் பையைக் கொட்டும்போதுதான் தெரியவரும். இரத்த அழுத்தத்தைப் படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் ஒரு முறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினால் அவர் விழுந்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

அம்மாவையும் அழைத்துப் போங்கள். எந்த மாத்திரையை விழுங்கச் சிரமப்படுகிறார், எதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவருக்கு முக்கியமானது இரவுத் தூக்கமா, வலியில்லாமல் நடப்பதா, தெளிவாகப் பேசுவதா என்று மருந்தாளுநர் அவரிடமே கேட்க வேண்டும்.

மருந்தாளுநர் பரிந்துரைகளைக் கடிதமாக எழுதித் தருவார், முடிவெடுப்பது மருத்துவர். மூவரில் அம்மாவை அதிக நாளாகப் பார்த்துவருபவரிடம் முதலில் அதைக் கொடுத்து, முழுப் பட்டியலுக்கும் அவர் பொறுப்பேற்பாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மற்ற இருவருக்கும் நகல் போகட்டும். முதல் மாற்றம் செய்த நாளிலிருந்து தலைசுற்றல், தூக்கம், சர்க்கரை, நின்றபடி அளந்த இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரு நோட்டில் தினமும் எழுதிவாருங்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களில் மருந்தாளுநரை மறுபடியும் பார்க்கும்போது, அடுத்து எதில் கைவைப்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.