கேள்வி-பதில்: 96 சதவீதத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

போன தடவை கவரேஜ் கருவிகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். டெஸ்ட் (நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்) ஓட்டும்போது நிரலில் எந்தெந்த வரி உண்மையில் ஓடியது, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற கருவிகள். அதற்கு வந்த கடிதங்களே இந்த வாரத்தை நிரப்பிவிட்டன. சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கடைசி வருட புராஜெக்டுக்கு பைத்தான் கவரேஜ் வேண்டும் என்றார்கள். பயிற்சி மையத்தில் 'கவரேஜ் லைசன்ஸ்' என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார்கள். நண்பன் அது இலவசம் என்கிறான். (மாணவர், கோவை)

நண்பன் சொல்வது சரிதான் தம்பி. கவரேஜ் டாட் பை என்ற அந்தப் பைத்தான் கருவி 2001-ல் காரெத் ரீஸ் எழுதியது, 2004-லிருந்து நெட் பேட்செல்டர் கவனித்து வருகிறார், அப்பாச்சி லைசன்ஸில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மையத்தில் தட்டியது 'பிப் இன்ஸ்டால் கவரேஜ்' என்ற மூன்று சொல்லாகத்தான் இருக்கும் (பிப் என்பது பைத்தான் கருவிகளை நிறுவும் கட்டளை). போட்டுக் கொடுத்த கூலி என்று 200 ரூபாய் கேட்டிருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன், ஆனால் லைசன்ஸ் கட்டணம் என்று சொல்லி வாங்கியது ஏமாற்று. ரசீதில் அந்தச் சொல் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பத்திரம். முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் ஆனாலும் சரி. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். புராஜெக்ட் தேதி நெருங்கும்போது எந்தப் பையனுக்கும் விசாரிக்க நேரமிருக்காது, அது தெரிந்துதான் அந்த விலை. உங்கள் மேல் தப்பில்லை.

பிஹெச்பி யூனிட் (பிஹெச்பி நிரலுக்கான டெஸ்ட் கருவி) 'நோ கோட் கவரேஜ் டிரைவர் அவைலபிள்' என்கிறது. கடையில் ராம் போதாது என்றார்கள், வாங்கிவிட்டேன். (திருச்சி)

ராமைத் திருப்பிக் கொடுங்கள். எந்த வரி ஓடியது என்று கவனித்துச் சொல்லும் துணைக்கருவி இல்லை என்பதுதான் அந்தச் செய்தி. எக்ஸ்டீபக் அல்லது பிகாவ், இரண்டில் ஒன்று வேண்டும். எக்ஸ்டீபக் 3 என்றால் அதன் அமைப்பில் 'மோட்' என்ற இடத்தில் கவரேஜ் என்று எழுதுங்கள். பழைய 'கவரேஜ் எனேபிள்' வரி அதில் செல்லாது.

எங்கள் கடைக்கு பைத்தானில் பில்லிங் மென்பொருள் எழுதித் தந்தவர் '96 சதவீத கவரேஜ்' என்று ரிப்போர்ட்டும் கொடுத்தார். ஆனால் தள்ளுபடிக் கணக்கு தப்பாக வருகிறது. (ஜவுளிக்கடை, ஈரோடு)

இது என் பழைய வயிற்றெரிச்சல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த 96, வரிகள் ஓடின என்று மட்டும்தான் சொல்கிறது. தள்ளுபடி கழிக்கும் வரியை டெஸ்ட் ஓட்டிவிட்டு, வந்த விடை சரியா என்று பார்க்காமலே போனாலும் அந்த வரிக்குப் பச்சைதான். 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 ரூபாய்க்கு ஒரே ஒரு டெஸ்ட் எழுதினால் எல்லா வரியும் ஓடிவிடும், 100 வந்துவிடும், 800 ரூபாய்க்கு வாங்கியவரின் பில் என்ன ஆகும் என்று யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். கவரேஜின் அமைப்புக் கோப்பில் பிராஞ்ச் (நிபந்தனையின் இரண்டு பக்கமும் ஓடியதா என்று பார்ப்பது) என்பதை ட்ரூ என்று வைத்திருந்தால் அந்த ஓட்டை தெரிந்திருக்கும்.

எண்ணைப் பெரிசாக்க வேறு வழிகளும் உண்டு. சோர்ஸ் என்று ஃபோல்டரைக் குறிப்பிடாமல் ஓட்டினால் டெஸ்ட் தொடாத கோப்புகள் ரிப்போர்ட்டிலேயே வராது. குறிப்பிட்டால் அவை பூஜ்யத்தோடு வந்து நிற்கும். டெஸ்ட் கோப்புகளையும் சேர்த்து அளந்தால் அவை எப்படியும் நூறுக்குப் பக்கத்தில் இருக்கும், சராசரி தானாக ஏறும். ஓமிட் என்ற விலக்குப் பட்டியலில் சிக்கலான கோப்புகளை ஒளித்துவைக்கலாம். 'பிராக்மா நோ கவர்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினால் அந்த வரி கணக்கிலேயே இல்லை. இவை எல்லாமே நியாயமான தேவைக்காக வைத்த வசதிகள், கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டோடு அந்த அமைப்புக் கோப்பையும் கேளுங்கள், தெரிந்த வேறொருவரை விட்டு சோர்ஸும் பிராஞ்சும் போட்டு உங்கள் கண் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: வியாபாரத்துக்காக வாங்கியது என்றால் நுகர்வோர் சட்டத்தில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்றால்தான் விலக்கு. அதனால் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள்.

100 வந்துவிட்டால் பிழையே வராது என்று நம்பலாமா? (மதுரை)

கூடாது. மேலே இருக்கும் பதிலைப் படியுங்கள்.

உபுண்டுவில் பிப் போட்டால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று மறுத்தது. வீடியோவில் சொன்னபடி 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' சேர்த்து சூடோவோடு (நிர்வாகி அதிகாரத்தோடு) போட்டேன். இப்போது சில புரோகிராம்கள் திறக்கவில்லை. சரிசெய்ய 1,200 கேட்கிறார்கள், நியாயமா? (சேலம்)

சிஸ்டத்தை உடை என்று அந்த ஆப்ஷன் தன் பேரிலேயே சொல்கிறது, அதற்கு மேல் என்ன எச்சரிக்கை எதிர்பார்த்தீர்கள்? கவரேஜ் ஒன்றைப் போட்டு இவ்வளவு ஆகியிருக்காது. கூட என்னென்ன போட்டீர்கள் என்பதை மட்டும் கடிதத்தில் விட்டுவிட்டீர்கள். 1,200 கொடுங்கள். அப்புறம் புராஜெக்டுக்கு ஒரு வென்வ் (சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி, அதற்குள் போடுங்கள், சூடோ இல்லாமல்.

கவரேஜை அழகாக வரைபடம் போட்டுக் காட்டும் ஆன்லைன் சேவைக்கு வருடச் சந்தா கட்டலாமா? நான் தனியாக வேலை செய்பவன். (நாகர்கோவில்)

வேண்டாம். 'கவரேஜ் ஹெச்டிஎம்எல்' என்று ஓட்டினால் ஒரு ஃபோல்டர் வரும், அதில் இண்டெக்ஸ் பக்கத்தைத் திறந்தால் ஓடாத வரிகள் சிவப்பில் இருக்கும், தனி ஆளுக்கு அது தாராளம். பத்து பேர் சேர்ந்து வேலை செய்கிற இடம் என்றால் கதை வேறு. நானும் ஒரு காலத்தில் டாலரில் வருடச் சந்தா கட்டினேன், ஒரே ஒரு புராஜெக்டுக்கு. மூன்று தடவை பார்த்திருப்பேன். எங்கள் வீட்டுச் சப்பாத்தி மேக்கரைக்கூட நாலு தடவை உபயோகித்தோம். ரத்து செய்ய மறந்து இரண்டாம் வருடமும் கார்டில் பணம் போனது, மூன்றாம் வருடமும் போனது. கார்டு காலாவதியான பிறகுதான் நின்றது.