கங்கோங், பாயாம் விட்டால் வேறு கீரை இல்லையா? – மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். போன மாதம் கிளினிக்கில் ரத்தம் 10.1தான் இருக்கிறது என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், கீரை நிறைய சாப்பிடவும் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு இனிப்புநீர். வாரத்தில் ஐந்து நாள் கங்கோங் இல்லையென்றால் பாயாம், பிள்ளைகள் தட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தோட்டத்தில் இருந்தபோது பத்து வகைக் கீரை சமைப்போம் என்று மாமியார் சொல்வார், எனக்கு அதில் பாதிப் பெயர்கூடத் தெரியாது. மாமனார் இருதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் அவருக்குக் கீரையே கொடுப்பதில்லை. செக்கூர் மானிஸ் கீரைச் சாற்றைப் பச்சையாகக் குடித்தால் எடை குறையும் என்று வாட்சாப்பில் ஒரு வீடியோவும் வந்தது. குடிக்கலாமா? எந்தக் கீரை எதற்கு நல்லது? கீரையை ராத்திரியில் சாப்பிடக் கூடாது என்பது உண்மையா?

பதில்: அந்த வீடியோவை முதலில் முடித்துவிடுவோம் அம்மா. குடிக்காதீர்கள், ஒரு டம்ளர்கூட வேண்டாம். 1990களின் நடுவில் தைவானில் எடை குறையும் என்று நம்பி இதே இலையை அரைத்துப் பச்சையாகக் குடித்தார்கள், பெரும்பாலும் பெண்கள். கொஞ்ச நாளில் பலருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, நுரையீரலில் இருக்கும் மிகச் சின்னக் குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன, சாற்றை நிறுத்திய பிறகும் அது சரியாகவில்லை, சிலருக்கு நுரையீரல் மாற்று ஆபரேஷன் வரை போனது. நம் வீடுகளில் காலங்காலமாக ஒரு கைப்பிடி இலையைக் குழம்பிலோ சூப்பிலோ போட்டு வேகவைத்து வீட்டில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுகிறோமே, அது வேறு. வேகவைத்து, அளவாக, வாரத்தில் ஒன்றிரண்டு முறை சாப்பிடுங்கள். உங்களுக்கு அந்த வீடியோவை அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து உங்கள் ரத்தம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான், 10.1ஐக் கீரையால் மட்டும் தூக்க முடியாது. சமைக்காத முருங்கைக்கீரை 100 கிராமில் இரும்பு 4 மில்லிகிராம்தான், அதிலும் நம் குடல் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். அதனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா, கட்டி கட்டியாக வருகிறதா என்பதைக் கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள், 43 வயதில் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியா இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், நம் நாட்டில் அது அபூர்வமான நோய் இல்லை. நீங்கள் தனியாளும் இல்லை. சுகாதார அமைச்சு 2019இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தசோகை இருந்தது.

தேத்தண்ணி! மாத்திரையோடும் சாப்பாட்டோடும் குடிக்காதீர்கள். சாப்பாட்டோடு ஒரு கப் தேத்தண்ணி குடித்தால் கீரையிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நம் ஆட்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், காலையில் ரொட்டியோடு தேத்தண்ணி இல்லாமல் நாளே ஆரம்பிக்காது. ஆனால் உங்கள் வீட்டில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, கீரைக்கு வருவோம். நீங்கள் கேட்டது எந்தக் கீரை எதற்கு நல்லது என்று. நான் கேட்பது, ஏன் வாரத்தில் ஐந்து நாள் ஒரே கீரை? பாயாமையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் ஸ்பினாச் என்று எழுதி வைத்திருப்பார்கள், இரண்டும் வேறு வேறு செடி, ஆனால் இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். ஆக்சலேட் என்பது கீரையில் இருக்கும் கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாது. ஸ்பினாச்சில் அளந்து பார்த்தபோது அதிலுள்ள கால்சியத்தில் 100க்கு 5 பங்குதான் உடம்பில் சேர்ந்தது, பாலில் 30 பங்கு சேர்கிறது, கடுகு இனமான சாவிக்கீரை குடும்பத்துக் கீரைகளில் 40க்கு மேல். பாயாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதில் ஃபோலேட் என்ற வைட்டமின் இருக்கிறது, வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து இருக்கிறது. ஆனால் எலும்புக்கு வேண்டியதை சாவியும் காய்லானும் கொடுக்கும், பாயாம் கொடுக்காது. சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் தினமும் பாயாம் சாப்பிடக் கூடாது, சாப்பிடும் நாளில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு கீரையும் ஒன்றைத் தருகிறது, ஒன்றைத் தராமல் விடுகிறது. மாற்றி மாற்றிச் சமைத்தால் ஒன்று விட்டதை இன்னொன்று கொடுத்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடுதான். நான் பிறந்தது பால்மரத் தோட்டத்து லயத்தில். பாட்டி வெட்டு முடிந்து பாலை எடைபோட்டுவிட்டு வரும்போது மடியில் ஏதாவது ஒரு கீரை இருக்கும், ஒரு நாள் இருந்தது மறுநாள் இருக்காது. மழை பெய்த மறுநாள் பெரணிக் குருத்து, மலாய்க்காரர்கள் பூச்சோக் பாக்கு என்பார்களே, அது. வேலியோரத்தில் மணத்தக்காளி, கால்வாய் ஓரத்தில் பொன்னாங்கண்ணி, குளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஈரமான மண்ணில் வல்லாரை. லயத்துக்குப் பின்னால் முருங்கை எப்படியும் இருக்கும். எதையும் காசு கொடுத்து வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தோட்டத்தை விட்டு தாமானுக்கு வந்தபோது தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் கொண்டுவந்தோம், இதை விட்டுவிட்டோம். உங்கள் மாமியாரிடம் அது இன்னும் இருக்கிறது. அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, கிள்ளுவது எப்படி, எதில் காம்பு ஆகும், எதில் ஆகாது, எல்லாவற்றையும் கேளுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், தான் கிள்ளிய கீரையைப் பிள்ளை ஒரு வாயாவது சாப்பிடும்.

முருங்கைக்கீரையை உருவ நேரமில்லை என்றுதான் பல பேர் சமைப்பதில்லை. ராத்திரி கொத்தோடு ஒரு பழைய துணியிலோ பேப்பரிலோ இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பிரித்து உதறினால் இலை தானாகக் கொட்டும், நின்றதை மட்டும் உருவினால் போதும். நெத்திலியை முதலில் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் வதக்கி, கீரையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பெரட்டி, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்து நெத்திலியைத் தூவுங்கள். மீனோ இறைச்சியோ கூட இருந்தால் கீரையின் இரும்பு நன்றாகச் சேரும், எலுமிச்சையின் வைட்டமின் சியும் அதே வேலையைச் செய்யும். அதைக் கொதிக்க வைத்தால் வீணாகிவிடும், அதனால்தான் கடைசியில் பிழியச் சொல்கிறேன். எண்ணெய் ஒரு கரண்டியாவது வேண்டும், வைட்டமின் ஏ ஆகும் சத்து கொழுப்பில்தான் கரையும். புரட்டாசியில் நெத்திலி ஆகாது என்றால் பருப்போடு கடையுங்கள், எலுமிச்சையை மட்டும் விடாதீர்கள்.

செக்கூர் மானிஸ் இலை கொஞ்சம் முரடு. காம்பை ஒரு கையில் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் இலை உருவி வரும், அதைத் தண்ணீரில் போட்டு இரண்டு கையாலும் துணி துவைப்பது மாதிரிக் கசக்கி, பிழிந்து, அப்புறம் சமைத்தால் மெத்தென்று இருக்கும். முட்டை உடைத்து ஊற்றிப் பெரட்டினால் பிள்ளைகள் சாப்பிடுவார்கள், என் வீட்டில் கீரையே வேண்டாம் என்றவர்கள் இதில்தான் ஆரம்பித்தார்கள். மணத்தக்காளி லேசாகக் கசக்கும், அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைத்துக் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றினால் கசப்பு அடங்கும். வல்லாரைத் துவையல் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். சர்க்கரைவள்ளி இலை பாசாரில் மலிவு, கங்கோங் மாதிரியே சம்பல் போட்டுப் பெரட்டலாம்.

மரவள்ளி இலையில் மட்டும் கவனம் வேண்டும். ஜப்பான் காலத்தில் கிழங்கையும் இலையையும் தின்றுதான் பிழைத்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அதில் சயனைடு விடும் பொருள் இருக்கிறது. குருத்தை எடுத்து, கசக்கியோ இடித்தோ, நிறையத் தண்ணீரில் மூடாமல் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் தாளியுங்கள். பெரணிக் குருத்தையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். எந்தக் கீரையாக இருந்தாலும் கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். பச்சை நிறம் மாறாமல் இருக்கச் சோடா மாவு போடுகிறார்கள் சிலர், அது வைட்டமினை அழித்துவிடும், வேண்டாம்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். பாட்டி பறித்த மாதிரி இன்று செம்பனை நிரைக்குள் போய்ப் பறிக்காதீர்கள். பாராகுவாட் களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், ஆனால் மற்ற மருந்துகளை இன்னும் அடிக்கிறார்கள். கிளைஃபோசேட் மாதிரி மருந்து அடித்தால் செடி அன்றே வாடாது, நாலைந்து நாள் பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. பெரிய சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்த கங்கோங்கும் பொன்னாங்கண்ணியும் வேண்டாம், ஊர்க் கழிவெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் ஓடுகிறது. வீட்டு வேலியில் முளைத்தது, அடையாளம் நன்றாகத் தெரிந்தது, இவை மட்டும் போதும்.

மாமனார் விஷயத்தில் நீங்கள் பயந்தது புரிகிறது, ஆனால் கீரையை அடியோடு நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. வார்ஃபரின் வேலை செய்வது வைட்டமின் கேயைத் தடுத்து, கீரையில் அந்த வைட்டமின் நிறைய. ஒரு வாரம் ஒன்றும் இல்லாமல், அடுத்த வாரம் விருந்து மாதிரி கீரை என்று ஏறி இறங்கினால்தான் ரத்தம் உறையும் அளவு தாறுமாறாகும். வாரத்தில் மூன்று நாள் ஒரு சின்னக் கிண்ணம் என்றால் எல்லா வாரமும் அதே மூன்று நாள், அதே கிண்ணம். இவ்வளவு நாள் சாப்பிடாமல் இருந்தவர் என்பதால் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ரத்தம் உறையும் அளவைப் பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், மறுபடி சீக்கிரம் பார்த்து மருந்தின் அளவைச் சரிசெய்வார்கள். முருங்கைப் பொடி, கீரை மாத்திரை என்று விற்கிறார்களே, அதெல்லாம் அவருக்குக் கிட்டவே வேண்டாம்.

வீட்டுக்காரருக்குக் கீரை எவ்வளவு என்பதைவிடச் சோறு எவ்வளவு என்பதுதான் கேள்வி. சுகாதார அமைச்சு சொல்லும் கால், கால், பாதி கணக்கு அவருக்குச் சரியாக இருக்கும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதியில் காய்கறி, கீரை, பழம். மலை மாதிரிச் சோற்றைக் குவித்து ஓரத்தில் இரண்டு விரல் கீரை வைத்தால் சர்க்கரை இறங்காது. இனிப்புநீரால் சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் மட்டும் பொட்டாசியம் அளவைக் கேட்டுக்கொண்டு கீரையைக் கூட்டுங்கள், அவருக்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது நல்லது.

ராத்திரியில் கீரை கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மத்தியானம் சமைத்த கீரை ராத்திரிக்குள் கெட்டுப்போகும், மண்ணெண்ணெய் விளக்கில் இலைக்குள் புழு இருந்தாலும் தெரியாது, அதனால் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் வேலை முடிந்து வந்து சாயங்காலம்தான் சமைக்கிறீர்கள் என்றால் சாயங்காலமே சமைத்துச் சுடச்சுடச் சாப்பிடுங்கள். வயிறு உப்புகிறவர்கள் மட்டும் கொஞ்சமாகச் சாப்பிடட்டும்.

தாமான் வீட்டில் மண் இல்லை என்பீர்கள். பக்கத்து வீட்டில் செக்கூர் மானிஸ் நிற்கிறதா பாருங்கள், நம் பக்கம் எப்படியும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கும். பென்சில் பருமனில் முற்றிய குச்சி இரண்டு மூன்று, ஒரு சாண் நீளத்துக்கு வாங்கி, பழைய பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி, கணு மேலே பார்க்கிற மாதிரி ஊன்றுங்கள். மண் காயாமல் தண்ணீர் ஊற்றினால் போதும், நம் ஊர் மழைக்கு அதுவாகத் துளிர்த்துவிடும். முதல் துளிரைப் பறிக்காமல் விட்டு, செடி இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைக்கும்.