வரப்பை உயர்த்தியும் மண் போகிறது, ஏன்?

கேள்வி: சரிவான செம்மண் நிலம். கனமழை பெய்தால் மேல்மண் கலங்கலாக ஓடிவிடுகிறது. வரப்பை உயர்த்திக் கட்டியும் உடைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: 25 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர். அது நிலத்தில் இறங்காமல் ஓடிவந்தால் எந்த மண்வரப்பும் தாங்காது. ஆகவே வரப்பை விடுங்கள்; தண்ணீர் எங்கே தடைபடுகிறது என்று முதலில் பாருங்கள்.

நல்ல மழைக்கு மறுநாள் ஒன்றரை அடிக் குழி தோண்டுங்கள். மேல் அரை அடி சேறாகவும் அதன்கீழ் இறுகிக் காய்ந்தும் இருந்தால், பல ஆண்டுகள் ஒரே ஆழத்தில் உழுததில் அடிமண் கெட்டித்துவிட்டது. பயிரின் ஆணிவேர் அங்கே பக்கவாட்டில் மடங்கியிருக்கும். உளிக்கலப்பையால் (மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் கலப்பை) அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்துக்கு, சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். அடிமண் காய்ந்திருக்கும்போது மட்டுமே. ஈரத்தில் ஓட்டினால் இறுக்கம் நொறுங்காது, உளி போன தடம்தான் மிஞ்சும். டிராக்டர் சக்கரம் வேறு மண்ணை மறுபடி அழுத்திவிடும். பலர் இதைச் செய்துவிட்டு உடனே ரோட்டவேட்டரை (மண்ணைச் சுழன்று பொடியாக்கும் டிராக்டர் கருவி) இறக்கி மண்ணை மாவாக்குகிறார்கள். செலவு வீண்.

குழிக்குள் முழுக்கக் காய்ந்து, மேலே மட்டும் பொருக்கு தட்டியிருந்தால் குறை மேற்பரப்பில். மழைத்துளி அடித்து மண்கட்டி உடைகிறது. நுண்துகள் துளைகளை அடைத்துவிடுகிறது. இதற்கு மூடாக்குதான் மருந்து: ஏக்கருக்கு 2 டன் காய்ந்த தட்டை, இலைதழை. பரப்பினால் போதும், மண்ணோடு கலக்க வேண்டாம்; கலந்தால் மட்கும்வரை பயிருக்குத் தழைச்சத்துத் தட்டுப்படும். காய்ந்த மண்கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் பால்போலக் கலங்கினால் சோடியம் மிகுதியாக இருக்கலாம். மண் பரிசோதனை செய்து, அதில் வரும் அளவுக்கே ஜிப்சம் இடுங்கள்.

பிறகு பார்சால், அதாவது சரிவுக்குக் குறுக்கே மேடும் (பார்) பள்ளமும் (சால்) மாறிமாறி அமைப்பது. நீர்மட்டக் குழாயால் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துச் சமமட்டக் கோடு போட்டு, அதன்படி பார் அமையுங்கள். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அப்போது பள்ளமான ஒரே இடத்தில் தண்ணீர் திரண்டு, அங்கிருந்து வரிசையாகப் பார்கள் உடையும். சாலுக்குள் 3 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கணை (சாலை மறிக்கும் சிறு மண்தடுப்பு) வையுங்கள்; உயரம் பாரைவிடக் குறைவாக இருக்கட்டும். அப்போதுதான் மிஞ்சிய நீர் பாரை உடைக்காமல் அடுத்த கட்டத்துக்கு வழியும். அதன் கடைசிப் போக்கிடத்தில் புல் வளர விடுங்கள்.